பக்கம் பதினான்கில் ஓக் மரங்கள்

"வாழிட மேம்பாட்டுத் திட்டம், திருத்தம் ஏ, அறுபத்திரண்டு பக்கங்கள். பெறப்பட்டது: பிப்ரவரி 6, வியாழன், காலை 10.40." சென்ற ஆண்டுப் பதிவேட்டில் என் கையெழுத்தில் இருக்கும் வரி இது. அதற்குக் கீழே பென்சிலால், வேறு யாரும் கவனிக்காத அளவுக்குச் சிறிய எழுத்தில், "ப. 14: ஓக், பீச் மரங்கள்?" என்று எழுதியிருக்கிறேன். அந்தக் கேள்விக்குறியைப் போட்ட கையாலேயே முத்திரையையும் குத்தி ஆவணத்தை மேலே அனுப்பிவிட்டேன்.

துபாயின் அல் கூஸில் ஒரு டயர்க் கிடங்குக்கும் ஒரு சலவைக்கூடத்துக்கும் நடுவே உள்ள தோட்டப் பராமரிப்புக் கம்பெனியில் நான் டாக்குமென்ட் கன்ட்ரோலர். வருகிற தாளுக்கும் போகிற தாளுக்கும் எண் போடுவது, தேதி போடுவது, எந்தத் திருத்தம் இன்றைக்குச் செல்லுபடியாகும் என்று சொல்வது, இவைதான் என் வேலை. தாளுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது என் வேலை இல்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். பதினொரு வருடமாக அது எனக்கு வசதியாகவே இருந்தது. ஷார்ஜாவின் ரோலாவிலிருந்து துபாய்க்குப் பஸ்ஸில் வரும் நேரமெல்லாம் எனக்குப் படிக்கக் கிடைக்கிறது. ஆபீஸில் படிக்கத் தேவை இருக்கவில்லை.

அந்த ஆவணம் ஒரு பேரீச்சந்தோட்டத்தைப் பற்றியது. ஷார்ஜாவிலிருந்து தைத் போகும் சாலையில், உள்ளே தள்ளி இருக்கும் பழைய தோட்டம். உரிமையாளர் அதை வில்லாக்கள் கொண்ட விடுதியாக மாற்றினார். விடுதிக்கு ஒரு பசுமைச் சான்றிதழ் வேண்டியிருந்தது. சான்றிதழுக்கு ஒரு விலங்கு வேண்டியிருந்தது. சுற்றுச்சூழல் ஆலோசகர் வௌவாலைத் தேர்ந்தெடுத்தார். நல்ல தேர்வு. பகலில் கண்ணில் படாது. இருக்கிறதா இல்லையா என்று எந்த விருந்தாளியும் கேட்க மாட்டான்.

பதினான்காம் பக்கம் வௌவால்கள் காட்டை எப்படிப் பயன்படுத்துகின்றன என்று விளக்கியது. காய்ந்தும் விழாமல் நிற்கும் மரங்களையோ மரப்பகுதிகளையோ வெட்டக் கூடாது. உரிந்து தொங்கும் பட்டையின் அடியிலும், மரங்கொத்தி குடைந்து கைவிட்ட பொந்துகளிலும் அவை தங்கும். ஓக், பீச் மரங்களில் முதியவற்றுக்கு முன்னுரிமை தர வேண்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரை அவை குளிர்கால உறக்கத்தில் இருப்பதால் அப்போது மரங்களைத் தொடக் கூடாது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை குட்டி போடும் காலம்; அப்போதும் கூடாது. ஆகவே மரவேலைகளை ஏப்ரல், மே மாதங்களில் முடிக்கலாம். இவற்றோடு நாற்பது மரப்பெட்டிகளைத் தெற்கு நோக்கி, வெயில் நேராக விழும்படி, கறுப்பு வண்ணம் பூசி மாட்ட வேண்டும்.

நான் இதை அந்த வாரமே சரிபார்த்தேன். ஆபீஸுக்காக அல்ல; ஒரு தேதியோ ஒரு தகவலோ இடறினால் அதை நிமிர்த்தி வைக்காமல் எனக்குத் தூக்கம் வராது. படித்தவரையில் அந்த வாக்கியங்களில் ஒரு தவறும் இல்லை. குளிர்நாட்டுக் காடுகளில் பெண் வௌவாலுக்கு முதல் தேவை சூடு. குட்டி சீக்கிரம் வளர வேண்டும், கோடை குறுகியது. அதனால் மற்ற மரங்களின் தலைக்கு மேலே உயர்ந்து நிற்கும், வெயில் படும் பட்டமரத்தை அது தேடிப் போகிறது. ஒரே மரத்தில் நிலைத்தும் இருப்பதில்லை. சில நாளைக்கு ஒருமுறை இடம் மாறுகிறது. ஆகவே ஒரு பட்டமரத்தை விட்டுவைத்தால் போதாது, பல வேண்டும். நீண்டு குறுகிய சிறகுள்ளவை காட்டின் உச்சிக்கு மேலும் வெட்டவெளியிலும் வேகமாக வேட்டையாடும். அகன்று குட்டையான சிறகுள்ளவை கிளைகளுக்கிடையே புகுந்து திரும்பும். காட்டின் விளிம்பும் ஓடைக்கரையும் அவற்றுக்குப் பாதைகள். இதையெல்லாம் யாரோ சிலர் கழுத்து வலிக்க அண்ணாந்து, ஆண்டுக்கணக்கில் குளிரில் நின்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்களுடைய உழைப்பை ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு வழித்து ஊற்றிவிட்டு, முதல் பக்கத்தில் பேரீச்சை மரத்தின் படத்தை ஒட்டியவரின் மேல்தான் இல்லை. அவருடைய மொத்த உழைப்பும் அந்தப் படம்தான். அதிலும் ஓரத்தில் ஒரு தென்னை இருந்தது.

இத்தனை தெரிந்தும் நான் ஏன் முத்திரை குத்தினேன்? எண் சரியாக இருந்தது, தேதி சரியாக இருந்தது, கையெழுத்து சரியாக இருந்தது. உரிமையாளர் தரப்பும் "அங்கீகரிக்கப்பட்டது" என்று பிப்ரவரி 20 அன்று திருப்பி அனுப்பியது. அங்கேயும் யாரும் பதினான்காம் பக்கத்தைப் புரட்டவில்லை என்பதற்கு நான் சத்தியம் செய்வேன்.

பெட்டிகள் மார்ச்சில் வந்தன, எங்கிருந்தோ கப்பலேறி வந்த பைன் பலகையில். தோட்டத்தில் அவற்றை மாட்டியவர் அங்கே எங்கள் ஆட்களுக்குத் தலைவராக இருந்த தோட்டக்காரர். இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர், நாற்பத்தாறு வயது, இங்கே வந்து பதினான்கு வருடம். வியாழக்கிழமைகளில் தினசரி வேலைத் தாள்களை வாங்க நான் வேனில் சைட்டுக்குப் போவேன். ஆபீஸில் என்னை சார் என்பார், மரங்களுக்கு நடுவே அண்ணே ஆகிவிடுவேன்.

"அண்ணே, இந்தப் பொட்டி யாருக்குண்ணே?"

"வவ்வாலுக்கு."

"கறுப்பு பெயின்டு அடிச்சு, தெக்கால பாத்து, வெயில்லயா?" பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "வவ்வால வறுக்கவா வளக்கவா?"

ஜூன் மாதம் ஒரு பிற்பகலில், என் சொந்தத் திருப்திக்காக, ஒரு பெட்டிக்குள் சுவர் வெப்பமானியைக் கட்டித் தொங்கவிட்டோம். அதன் கோடுகள் ஐம்பதோடு முடிகின்றன. அரை மணி நேரத்தில் சிவப்பு நீர் ஐம்பதைத் தாண்டி மேல்முனையில் முட்டி நின்றது. அதற்கு மேல் எவ்வளவு என்று என்னால் எழுத முடியவில்லை.

ஆனால் விஷயம் அதற்கு முன்பே, ஏப்ரலில், முற்றிவிட்டது. வழக்கமாகப் பேரீச்சையின் காய்ந்த மட்டைகளைக் குளிர்காலத்தில்தான் வெட்டுவார்கள். அந்த வருடம் பிப்ரவரியிலேயே அதை நிறுத்திவிட்டார்கள், வௌவால்கள் உறங்குகின்றனவாம். இந்தப் பாலைவனத்து ஓரத்தில் பிப்ரவரி மாலையில் தண்ணீர்த் தொட்டியின் மேல் அவை பூச்சி பிடித்துக்கொண்டிருப்பதை நானே நின்று பார்த்திருக்கிறேன். வெட்டாததால் நான்காவது வரிசையில் காய்ந்த மட்டைகள் மரத்தைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கின. ஏப்ரல் 24, வியாழன், ஆவணம் அனுமதித்த காலம் வந்துவிட்டது என்று திட்ட மேலாளர் வெட்டச் சொன்னார். தோட்டக்காரர் முதல் மரத்தில் ஏறி நாலு மட்டை வெட்டினார். பிறகு இறங்கிவிட்டார். நான் போனபோது துண்டை விரித்து அதில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வௌவால் குட்டிகள். முடி முளைக்காதவை, வேர்க்கடலை அளவு. கீழே விழுந்தவற்றைப் பொறுக்கி வைத்திருந்தார்.

"துரிஞ்சில் குஞ்சுண்ணே. எங்கூருப் பக்கம் பனையில காவோலைக்குள்ள இதேதான் கெடக்கும். இங்கிட்டும் அதே சோலிதான் பாத்துருக்கு."

"இப்ப என்ன செய்யப்போறீங்க?"

"மறுபடி ஏறி பன்னாடைக்குள்ள சொருகிட்டு வரேன். தாய் வந்தா எடுத்துக்கிரும், வராட்டி அது விதி. மத்த மரத்த வெட்டல."

"மேலே சொன்னது..."

"சொல்லட்டும். இது இருக்குற வரிசையில பூச்சி கம்மிண்ணே. கம்மியா இருந்தா மருந்தடிக்கிறதும் கம்மி. மருந்தடிச்சா வெந்து போறது அவுக கையில்ல, என் கையி." சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். முழங்கை வரை தோல் உரிந்திருந்தது.

அவருடைய பூச்சிக் கணக்கு உண்மையா என்று எனக்குத் தெரியாது. தோல் உரிந்திருந்தது உண்மை.

திங்கள், 28ஆம் தேதி, எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மேலாளர் உத்தரவை மீறினார், நான்காவது வரிசை அசுத்தமாகத் தெரிகிறது என்று உரிமையாளர் தரப்பு புகார் செய்தது, இரண்டும் சேர்ந்து. அவருக்கு அது மூன்றாவது கடிதம். முதலாவது தலைக்கவசம் இல்லாமல் மரமேறியதற்கு. இரண்டாவது மதிய ஓய்வு முடிந்தும் நிழலில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்ததற்கு. எங்கள் கம்பெனியில் மூன்று கடிதம் சேர்ந்தால் விசா கேன்சல். அவருடைய மகள் நர்சிங் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் அவர் இங்கே இருந்தாக வேண்டும். கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அல் கூஸுக்கே கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"வாசிச்சுச் சொல்லுங்க சார்."

வாசித்தேன்.

"அம்புட்டுத்தானா?"

"அவ்வளவுதான்."

"குஞ்சப் பத்தி ஒண்ணுமில்லையா?"

"இல்லை."

"அப்ப நான் சும்மா ஒக்காந்திருந்தேன்னுல்ல ஆயிருது," என்றார்.

நான் மேலாளரிடம் போனேன். நாகர்கோவில்காரர். என்னைவிட இளையவர், ஆனால் பெரிய நாற்காலி.

"என்ன வே, வவ்வாலுக்கு வக்காலத்தா?"

"ஆளுக்கு."

"ஆளுட்ட என்ன சொன்னேன்? மட்டைய வெட்டுன்னேன். இவன் என்ன பெரிய பறவை ஆராய்ச்சிக்காரனா?"

"வவ்வால் பறவை இல்லை சார்."

"ஓ, அதையும் நீரே சொல்லித் தாரும்." பக்கத்து மேஜைக்காரர்கள் சிரிக்கும்வரை காத்திருந்தார். "வெட்டாம விட்டா கிளையன்ட் என்னைல்லா கேக்கான். கன்சல்டன்ட் வரட்டும். அவரு சொன்னா சரி. இல்லைன்னா கலாஸ், முடிஞ்சுது."

ஆலோசகர் புதன்கிழமை, ஏப்ரல் 30, வந்தார். வௌவாலைப் பார்க்க முற்பகல் பதினொன்றே காலுக்கு வந்தார். சென்னைக்காரர், புதுக் காலணி, கழுத்தில் விலையுயர்ந்த பைனாகுலர். ஒவ்வொரு பெட்டியின் கீழும் நின்று டார்ச் அடித்துப் பார்த்தார். நாற்பதும் காலி. பதினேழாம் பெட்டியில் ஒரு எச்சம் இருந்தது. அதைப் படமெடுத்து "பாசிபிள் ஆக்குபன்சி" என்று குறித்துக்கொண்டார். எச்சத்தின் ஒரு முனை வெள்ளையாக இருந்தது. பல்லியின் எச்சம் அப்படித்தான் இருக்கும், வீட்டில் டியூப் லைட் இருக்கிற எவருக்கும் தெரியும்.

பிறகு தோட்டக்காரரிடம் திரும்பினார். "என்னப்பா, பாக்ஸ் பக்கம் போயி டிஸ்டர்ப் பண்றீங்களா? ஏன் ஒண்ணுமே வரல?"

"அதுக்குள்ள பல்லி தங்குனாலே கருவாடாயிரும் சார்."

"இல்லப்பா, வார்ம்த் வேணும் அதுங்களுக்கு. ஸ்டடிஸ் எல்லாம் இருக்கு."

"சரிங்க சார். அந்தா நாலாம் வரிசை மட்டைக்குள்ள இருக்கு, பாக்குறீகளா?"

ஆலோசகர் நான்காம் வரிசையைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அது அவர் ஸ்கோப்ல இல்ல," என்று என்னிடம் ஆங்கில உச்சரிப்போடு சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். "அவர்" என்றது ஆங்கில "our", எங்கள் என்ற பொருளிலாம். எனக்கு அது அந்த மனிதரைக் குறித்ததாகவே கேட்டது. அதுவும் பொருத்தமாகவே இருந்தது.

அன்று மாலை நான் அங்கேயே தங்கினேன். சூரியன் விழுந்து மக்ரிப் பாங்கு முடிந்த சற்று நேரத்தில் நான்காம் வரிசையின் மட்டைகளுக்குள்ளிருந்து ஒன்று நழுவியது. இலை விழுவது போலக் கீழே விழுந்து, தரைக்கு மேல் ஒரு முழத்தில் நிமிர்ந்து பறந்தது. பிறகு இன்னொன்று. தோட்டக்காரர் விரல் மடக்கி எண்ணினார், நான் நோட்டில் கோடு போட்டேன். முப்பத்தொன்றோடு இருவருக்கும் கணக்குத் தப்பியது. அவை மரவரிசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே தண்ணீர்த் தொட்டிக்குப் போயின. குளிர்நாட்டில் ஓடைக்கரை செய்வதாகப் படித்த வேலையை இங்கே ஒரு சிமென்ட் தொட்டி செய்துகொண்டிருந்தது. பெட்டிகளை அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேனில் திரும்பும்போதுதான் எனக்கு அது உறைத்தது. எங்கள் ஆபீஸில் கண்ணால் பார்த்தது எதற்கும் உதவாது. முப்பத்தொரு கோடுகளை மேலாளரிடம் காட்டினால் மீண்டும் சிரிப்பார்கள். அங்கே செல்லுபடியாவது அங்கீகரிக்கப்பட்ட தாள் மட்டும். அப்படி ஒரு தாள் என்னிடம் இருந்தது. பதினான்காம் பக்கம், பிரிவு 6.3: காய்ந்தும் விழாமல் நிற்கும் மரப்பகுதிகளை வெட்டாமல் காக்க வேண்டும். உரிமையாளர் தரப்பின் முத்திரையோடு. பேரீச்சையின் காய்ந்த மட்டை காய்ந்தது, விழாமல் நிற்கிறது. தோட்டக்காரர் உத்தரவை மீறவில்லை. இங்கிலீஷ் தெரியாமலே அந்த ஆவணத்தை நிறைவேற்றிய ஒரே மனிதர் அவர்தான்.

மறுநாள் மே 1, வியாழன், ஒரு ஆர்.எஃப்.ஐ. தயாரித்தேன். ஆலோசகரிடம் விளக்கம் கேட்கும் படிவம் அது. ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். கேள்வி இரண்டே வரி: காய்ந்த மட்டைகள் பிரிவு 6.3-இல் அடங்குமா? அடங்காது என்றால், இத்தோட்டத்தில் அப்பிரிவு குறிக்கும் மரப்பகுதிகள் எவை என்று பட்டியல் தரவும்.

இரண்டாவது வரிக்காக நான் கொஞ்சம் பெருமைப்பட்டேன். அடங்காது என்று எழுதினால் ஆலோசகர் பேரீச்சந்தோட்டத்தில் ஓக் மரம் தேட வேண்டும்.

மேலாளரின் கையெழுத்து இல்லாமல் படிவம் போகாது. அதை அவர் படித்தார். அதுவே எனக்கு ஆச்சரியம். "இதுல என் மேல ஏதும் வருமா வே?"

"ஆவணம் அவர்களுடையது சார். நம்ம ஆள் அதன்படிதான் நடந்திருக்கிறார். அப்படி ஆனால் அழுக்கு வரிசை புகாரும் நம்ம மேல் நிற்காது."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை ஆலோசகர் என்னை நேரடியாகப் போனில் அழைத்தார். "சார், இது என்ன கொஸ்டின்? பேஸிக்கலி அது ஒரு ஸ்டாண்டர்ட் டெம்ப்ளேட். எல்லா ப்ராஜெக்ட்லயும் அதான் போடுறோம்."

"எனக்கு உள்ளடக்கம் தெரியாது சார். நான் எண் போடுகிறவன்," என்றேன். அந்த வாக்கியத்தைப் பதினொரு வருடமாக நான் பிறரிடம் சொல்லிவந்திருக்கிறேன். முதல் தடவையாக அது யாருக்கோ பயன்பட்டது.

மே 8 அன்று பதில் வந்தது. அடங்கும். காய்ந்த மட்டைகள் பிரிவு 6.3-இன் கீழ் பாதுகாக்கப்பட வேண்டியவை. மே 12, திங்கள், எச்சரிக்கைக் கடிதம் திரும்பப் பெறப்பட்டதாகத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. வருத்தம் என்ற சொல் அதில் இல்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை.

நவம்பரில் ஆலோசகரின் ஆண்டறிக்கை வந்தது. அதற்கும் நானே எண் போட்டேன். "உலர்மட்டைப் பாதுகாப்பு: எங்கள் புதுமையான அணுகுமுறை" என்று ஒரு முழு அத்தியாயம். மட்டைக்குள் இருக்கும் வௌவாலின் படம் ஒன்று. அது தோட்டக்காரர் தன் போனில் எடுத்து எனக்கு அனுப்பியது, நான் ஆர்.எஃப்.ஐ.யோடு இணைத்தது. மட்டையை விலக்கிப் பிடித்திருந்த அவருடைய இடது கையை மணிக்கட்டோடு வெட்டியிருந்தார்கள். பதினேழாம் பெட்டியின் பல்லி எச்சமும் ஒரு வெற்றியாக இடம்பெற்றிருந்தது. ஓக் மரங்கள் அதே பக்கத்தில் அப்படியே நின்றன. சான்றிதழ் கிடைத்தது. விடுதியின் வரவேற்பறையில் அது தொங்குகிறது என்கிறார்கள்.

நான் இந்த முறை பென்சிலால் எழுதவில்லை. பல்லி பற்றியும் ஓக் பற்றியும் பேனாவால் குறிப்பெழுதி அறிக்கையோடு இணைத்து அனுப்பினேன். "குறிப்பு பெறப்பட்டது" என்று பதில் வந்தது. அதற்கும் எண் போட்டேன்.

இதை எழுதுவது ஜனவரி 11, ஞாயிறு. தோட்டக்காரரின் விசா புதுப்பிப்பு பிப்ரவரியில் வருகிறது. புதுப்பிக்கும் முன் தலைமை அலுவலகத்தில் அவருடைய கோப்பைத் திறந்து கடிதங்களை எண்ணுவார்கள். இரண்டா, மூன்றா என்பதுதான் கேள்வி. டிசம்பரில் அங்கே மனிதவளப் பிரிவுக்கு இரண்டு முறை போன் செய்தேன். "டன் பாய், கலாஸ்," என்றார்கள். கோப்பின் உள்ளடக்கப் பட்டியலின் நகல் கேட்டேன். மாஃபி, கிடையாது என்றார்கள்.

கடந்த வியாழன் நான்காம் வரிசையில் அவர் கேட்டார். "அந்தத் தாளக் கிழிச்சுட்டாகளாண்ணே?"

"எடுத்துட்டதா சொன்னாங்க."

"சொன்னாகளா, நீங்க பாத்தீகளா?"

பிப்ரவரி 6 அன்று என்னை யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. பதிவேட்டில் இன்றைய வரி இப்படி இருக்கிறது: மூன்றாவது எச்சரிக்கைக் கடிதம், ஏப்ரல் 28 தேதியிட்டது, ஊழியர் கோப்பிலிருந்து நீக்கப்பட்டதாக வாய்மொழித் தகவல். நேரில் பார்க்கவில்லை. சரிபார்க்கப்படவில்லை.